ஒட்டியிருந்த இரண்டு பெயர்கள்

1995 மார்கழியில் பனிகொட்டும் வெளிநாட்டு ஊரான டோர்செட் பார்க்கில் நடந்த மாலைநேரக் கொம்பியூட்டர் வகுப்பில் அந்த அண்ணை எனக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தார். ஐம்பது வயதிருக்கும். ஹீற்றர் எவ்வளவு சுட்டாலும் ஜாக்கெட்டைக் கழற்ற மாட்டார். கழுத்துவரை பூட்டியபடியே ஒற்றை விரலால் தட்டுவார்.

குடும்பத்தினரின் பெயர்களை ஒரே வரியில் அச்சிடுவது அன்றைய பயிற்சி. நாம் கட்டளையில் சொல்லாவிட்டால் கொம்பியூட்டர் இடைவெளி விடாது, பெயர்கள் ஒட்டிக்கொள்ளும். அவருடைய திரையில் மனைவியின் பெயர் தனியாக நின்றது. மகன்மார் இருவரின் பெயர்கள் மட்டும் ஒட்டியிருந்தன.

"அண்ணை, கடைசி ரெண்டுக்கும் நடுவில இடைவெளி விட மறந்திட்டியள்."

"மறக்கேல்லைத் தம்பி. சண்டைக்குப் பயந்து யாழ்ப்பாணத்தால சனமெல்லாம் வெளிக்கிட்டதிலயிருந்து பெடியள் ரெண்டுபேரின்ர சேதியும் இல்லை. உதிலயெண்டாலும் ஒண்டா நிக்கட்டும்."

"ரீச்சர் மார்க்ஸ் வெட்டுவா."

"வெட்டட்டும்."

ரீச்சர் வெட்டினார். அண்ணை தாளை மடித்து வைத்துக்கொண்டார்.

அடுத்த கிழமை அதே பயிற்சியைத் திருத்திக் காட்டச் சொன்னார்கள். அவருடைய வரியில் எல்லாப் பெயர்களுக்கும் நடுவே ஒழுங்காக இடைவெளி இருந்தது. ஜாக்கெட் முதல்முறையாகக் கதிரையில் தொங்கியது. ஏதும் செய்தி வந்ததா என்று நான் கேட்கவில்லை. அவர் மெல்லச் சிரித்துக்கொண்டே ஒற்றை விரலால் அடுத்த வரியைத் தட்டினார்.