கை சும்னே இருக்கட்டும்

என் கை நடுங்காது. இந்த ஒரு விஷயத்தில் எனக்கு இருந்த திமிர் கொஞ்சநஞ்சமல்ல. பாட்டு வராது, சமையல் சுமார், புருஷனோடு ஒத்துப்போகவும் தெரியவில்லை என்று ஊரே சொல்லியாகிவிட்டது. கை மட்டும் கல்லு. ஃபிலிம் கேமராவை ஸ்டாண்டில் வைக்காமல், ஃப்ளாஷ் போடாமல், வெறும் கையில் பிடித்துக்கொண்டு, ஒரு நொடியில் எட்டில் ஒரு பங்கு நேரம் ஷட்டர் திறந்திருக்கும்படி எடுப்பேன். சுவரில் தொங்கும் காலண்டரின் தேதிகூடத் தெளிவாக விழும். சாதாரணமாக அறுபதில் ஒரு பங்கு நேரத்துக்கு மேல் ஷட்டர் திறந்திருந்தாலே நம்முடைய மூச்சும் நாடித்துடிப்பும் படத்துக்குள் வந்து எல்லாவற்றையும் கலக்கிவிடும். எட்டில் ஒன்று என்பது எடுத்துப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும், எவ்வளவு வம்பு என்று.

கேமரா என்னிடம் வந்தது தற்செயல். தொம்மலூர் ஆபீஸில் என் பக்கத்து மேஜைக்காரி வேலையை விட்டு வெளிநாடு கிளம்பும்போது, அவள் மாமனாருடையது என்று என் தலையில் கட்டிவிட்டுப் போனாள். அப்போது எனக்கு நாற்பத்தாறு வயது. காலை எட்டு மணிக்குக் கிளம்பி, டிராஃபிக்கில் ஊர்ந்து வீடு வந்து சேரும்போது வெளிச்சம் போகிற நேரமாகிவிடும். இருக்கிற கொஞ்ச வெளிச்சத்தில் எடுக்க வேண்டுமென்றால் ஷட்டரை மெதுவாக வைத்தே ஆக வேண்டும். ஃப்ளாஷ் போடலாமே என்பார்கள். போட்டால் எல்லார் முகமும் ஆதார் கார்டு முகமாகிவிடும்.

ரோல் ரோலாகப் பாழ்பண்ணித்தான் கற்றுக்கொண்டேன். முழங்கை இரண்டையும் விலாவோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். இடது உள்ளங்கை லென்ஸுக்கு அடியில் இருக்க வேண்டும். தோளைக் கதவு நிலையில் சாய்த்து, பாதி மூச்சை வெளியே விட்டு அங்கேயே நிறுத்த வேண்டும். பட்டனை அமுக்கக் கூடாது, விரல் தானாக இறங்க வேண்டும். அப்படியே மூச்சு விடாமல் தொடர்ந்து மூன்று படம் எடுத்தால் நடுவில் உள்ளது பெரும்பாலும் தேறிவிடும்.

இதையெல்லாம் பழக எனக்கு ஒரு ஆள் வேண்டியிருந்தது. வீட்டில் இருந்தது அக்கா மட்டும்தான். என்னைவிட ஆறு வயது மூத்தவள், ஆஸ்டின் டவுனில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், கல்யாணம் பண்ணிக்கொள்ளாதவள். லிங்கராஜபுரத்தில் அப்பா அம்மா விட்டுப்போன வீட்டில் நாங்கள் இரண்டு பேர். என் கல்யாணம் முறிந்து நான் பெட்டியோடு வந்து நின்ற அன்று, "வா, காபி குடி" என்றதைத் தவிர ஒரு கேள்வி கேட்காதவள் அவள்.

"ஏன்டி, உனக்கு வேற ஆளே கெடைக்கலையா? போய் அந்தத் தொட்டிச் செடிய எடு" என்பாள்.

"செடி காத்துல ஆடும். நீதான் ஆடமாட்ட."

"ஆமா, நான் மரம். எடு எடு, சீக்கிரம் எடு."

சனிக்கிழமை சாயங்காலம் ஜன்னல் பக்கத்து நாற்காலியில் அவள் உட்கார வேண்டும். அதுதான் எங்கள் ஏற்பாடு. பிள்ளைகளின் நோட்டுக் கட்டோடு வந்து உட்காருவாள். "திருத்திக்கிட்டே இருக்கேனே, நீ பாட்டுக்கு எடு" என்பாள். நான் விட மாட்டேன். "எழுதுனா கை அசையும். நோட்ட கீழ வை. கைய மடியில வெச்சிக்கிட்டு சும்னே இரு" என்பேன். சும்னே என்பது எங்கள் வீட்டில் தமிழாகிப்போன கன்னடச் சொல். சும்மா இரு, பேசாமல் இரு, அசையாமல் இரு எல்லாவற்றுக்கும் அது ஒன்று போதும். அவளை நோட்டுத் திருத்த விட்டிருக்கலாம். நோட்டுத் திருத்துகிற அக்காவின் ஒரு படம்கூட இன்றைக்கு என்னிடம் இல்லை.

முதல் ஆறேழு மாதம் ஒரு குறையுமில்லை. பிறகு ஒரு ரோலில் அவள் முகம் தெளிவு, கழுத்துச் சிலுவை தெளிவு, புடவைக் கரை தெளிவு, மடியில் கிடந்த வலது கை மட்டும் ஈரத் துணியால் துடைத்த கரும்பலகை மாதிரிக் கலங்கிக் கிடந்தது. என் கை ஆடிவிட்டதோ என்று எனக்குப் பக்கென்றது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். சுவரில் விரிசல்கூடத் தெளிவாக இருந்தது. அப்பாடா, நான் இல்லை! அந்த நேரத்தில் எனக்கு வந்த சந்தோஷத்தை இப்போது நினைத்தால் கூசுகிறது.

"பாரு, சுவர் ஷார்ப்பா இருக்கு. உன் கை மட்டும்தான் ஷேக். நான் ஆடல, நீதான் ஆடியிருக்க" என்று படத்தை அவளிடம் நீட்டினேன். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து அவள் ரொம்ப நேரம் பார்த்தாள். பதிலுக்குப் பதில் வாயடிக்கிறவள், அன்றைக்குப் படத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நோட்டுக் கட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து சில வாரம் கப்பன் பார்க்குக்குப் போவேன். ஃபிலிம் கேமராப் பைத்தியங்கள் ஏழெட்டுப் பேர் அங்கே கூடுவார்கள். அந்தப் படத்தை ஒரு பெரியவர் வாங்கிப் பார்த்துவிட்டு, "ஏன் கை ரீ நிம்து!" என்றார் கன்னடத்தில், என்ன கை உங்களுக்கு என்று. எனக்குத் தலைகால் புரியவில்லை. "என் கை சரியா இருக்கு சார். எங்க அக்காவுக்குத்தான் ஒரு நிமிஷம் சும்னே உக்காரத் தெரியாது" என்று சொல்லி நானும் சிரித்தேன், எல்லாரும் சிரித்தார்கள்.

அதற்குப் பிறகு அந்தக் கலங்கல் படங்களில் அடிக்கடி வந்தது. எனக்கோ மூக்குக்கு மேல் கோபம். "எட்டுல ஒரு பங்கு! ஒரு செகண்டுகூட இல்ல! அவ்ளோ நேரம்கூடவா உன்னால கைய சும்னே வெச்சிக்க முடியல? கிளாஸ்ல மட்டும் பிள்ளைங்கள ஆடாதே அசையாதேன்னு உசுர வாங்குற" என்று கத்தியிருக்கிறேன். நான் கத்தக் கத்தப் படம் இன்னும் மோசமாக வந்தது. வேண்டுமென்றே செய்கிறாள் என்றுகூட ஒரு நாள் எனக்குத் தோன்றியது. அவளைப் போய் அப்படி நினைத்தேன்.

பிறகு அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். வலது கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். சில நாள் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டாள். சில நாள் இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். படங்கள் மணியாக வந்தன. "இப்பதான் நீ ஒழுங்கா உக்கார்ற" என்று பாராட்டினேன். மணிக்கட்டைப் பிடித்திருந்த படம் ஒன்றைப் பெரிதாகப் போட்டு ஹாலில் மாட்டினேன். வந்தவர்களெல்லாம், என்ன அமைதியான முகம் என்றார்கள். அந்தப் படத்தில் இடது கையின் நரம்பு புடைத்திருக்கும். எவ்வளவு இறுக்கிப் பிடித்திருந்தால் நரம்பு அப்படிப் புடைக்கும் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. நரம்பில் வெளிச்சம் விழுந்திருந்த அழகைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கோவிலில் மாதம் ஒரு முறை பூசையில் பைபிளிலிருந்து முதல் வாசகம் வாசிப்பது அவள்தான். வேறு யாராவது வாசிக்கட்டும் என்று பெயரை எடுத்துவிட்டாள். வயசாக வயசாகச் சோம்பேறித்தனம் என்று அதற்கும் ஒரு குத்தல் பேசினேன். இன்னும் கொஞ்ச மாதம் கழித்து அவள் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியை, ஒரு கன்னியாஸ்திரீ, ஆபீஸுக்கே எனக்குப் போன் செய்தார்.

"டீச்சர் போர்டுல எழுதறது எறும்பு சைசுக்கு ஆயிடுச்சும்மா. பின் பெஞ்சுப் பிள்ளைங்களுக்குத் தெரியல. மீட்டிங்ல உக்காந்தா கையும் ஒரு மாதிரி ஆடுது. வீட்ல நீங்க யாரும் கவனிக்கலையா?"

கவனிக்கலையா! சனிக்கிழமை தவறாமல் அவளை லென்ஸ் வழியாக வெறித்து வெறித்துப் பார்த்தவள் நான். போனை வைத்துவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் பாத்ரூமில் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

நரம்பு டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவர் கன்னடக்காரர், தமிழும் பேசினார். தன் வெள்ளைக் கோட்டைக் கொடுத்து அதன் பட்டனைப் போடச் சொன்னார், அக்கா மெதுவாகப் போட்டுக் காட்டினாள். விரலால் மூக்கைத் தொடச் சொன்னார், தொட்டாள். கை ஆடவே இல்லை. பயந்த அளவுக்கு ஒன்றுமில்லை என்று நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அப்புறம் அவர் அவளைப் பார்த்து, "தொடெ மேலெ கை சும்னே இட்கொள்ளி மேடம்" என்றார். கையை மடியில் சும்மா வைத்துக்கொள்ளுங்கள். அதே வார்த்தை. நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டே வாருங்கள் என்றார்.

தொண்ணூத்து மூணு, எண்பத்தாறு, எழுபத்தொம்போது. கணக்கு டீச்சர், ஒன்றுகூடத் தப்பவில்லை. மடியில் அவள் வலது கை ஆடத் தொடங்கியது. கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் ஜெபமாலை மணியை உருட்டுவதுபோல உருட்டிக்கொண்டே இருந்தன. நான் அந்தக் கையை முதல்முறையாகக் கேமரா இல்லாமல் பார்த்தேன்.

"இந்த நடுக்கம் வேலை செய்யும்போது அவ்வளவா தெரியாதும்மா. கை சும்னே இருந்தாதான் வரும். பயந்தா, யாராவது அதட்டுனா, ஜாஸ்தியாகும்" என்றார் டாக்டர். "எவ்ளோ நாளா இருக்கு?"

"ஒரு நாலு மாசமா இருக்கும்" என்றேன் நான்.

"ரெண்டு வருஷம் டாக்டர்" என்றாள் அக்கா.

டாக்டர் என்னைப் பார்த்தார். "அப்பவே வந்திருந்தா மாத்திரை ஆரம்பிச்சிருக்கலாம். நோய் போயிருக்காது. ஆனா இவங்க இத்தனை நாள் இவ்ளோ கஷ்டப்பட்டிருக்க வேண்டாம்" என்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். பதமாகத்தான் சொன்னார்.

வீட்டுக்கு வந்த மறுநாள் நெகட்டிவ் பெட்டியைத் திறந்தேன். ஒவ்வொரு உறையின் மேலும் மாதமும் ஒரு குறிப்பும் பென்சிலில் எழுதி வைப்பது என் வழக்கம். ஒன்றொன்றாக எடுத்துப் படித்தேன். அக்கா, வலது கை ஷேக், வேஸ்ட். அக்கா, மறுபடி வலது கை, வேஸ்ட். அக்கா, திட்டியும் ஆட்டம், வேஸ்ட். டாக்டர் கேட்ட கேள்விக்குப் பதில் இரண்டு வருடமாக என் கையெழுத்தில் பெட்டிக்குள் இருந்திருக்கிறது. வாய்விட்டு அழுதேன். அழுது என்ன புண்ணியம்?

அக்கா சமையலறையில் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். மெதுவாகத்தான் உரித்தாள், ஆனால் கை ஆடவில்லை. எதிரில் தரையில் உட்கார்ந்தேன்.

"மன்னிச்சிடுக்கா."

"எதுக்கு? நீயா குடுத்த இந்த வியாதிய? எழுந்து மூஞ்சியக் கழுவு போ."

"உனக்குத்தான் மொதல்லயே தெரிஞ்சிருக்கே. ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லியிருக்கலாமில்ல?"

அவள் கை நின்றது. "சொன்னேனே" என்றாள்.

"எப்ப?"

"பச்சப் பொடவ கட்டிக்கிட்டு உக்காந்திருந்தேனே, அன்னிக்கு. நான் ஆட்டலடி, அதுவா ஆடுது, எனக்குப் பயமா இருக்குன்னு சொன்னேன். நீ கேமராவுல கண்ண வெச்சிக்கிட்டு மூச்சப் புடிச்சிருந்த. காதுல வாங்கல." கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு அடுத்த காயை எடுத்தாள்.

எனக்கு அப்படி ஒன்று நினைவிலேயே இல்லை. எவ்வளவு யோசித்தும் அவள் குரல் வரவில்லை. அன்றைக்கு வெளிச்சம் எப்படி இருந்தது என்பது நினைவிருக்கிறது, ஷட்டரை எட்டில் வைத்தது நினைவிருக்கிறது. எழுந்து போய் மறுபடி பெட்டியைக் கிளறினேன். பச்சைப் புடவைப் படம் கிடைத்தது. வழக்கம்போல மூச்சைப் பிடித்து அடுத்தடுத்து எடுத்த மூன்று படங்கள். மூன்றிலும் ஜன்னல் கம்பி தெளிவாக இருந்தது. மூன்றிலும் அவள் கை கலங்கியிருந்தது, வாயும் கலங்கியிருந்தது. உறையின் மேல் நான் எழுதியிருந்தேன்: பேசிவிட்டாள், மூன்றும் வேஸ்ட்.