பார்க்கவில்லை என்றேன்

அப்போது நான் மதுரையில் ஒரு கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர். வருஷா வருஷம் வேலையைப் புதுப்பித்துக் கடிதம் தருவார்கள். அந்த ஏப்ரலில் கடிதம் இன்னும் வரவில்லை. வரும்வரை யார் கண்ணையும் உறுத்தாமல் இருந்துவிட வேண்டும் என்பதுதான் என் கவலையெல்லாம்.

எங்கள் துறைக்கு ஒரு செமஸ்டர் மட்டும் படிக்கத் தாய்லாந்திலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். கிராமங்களில் நீர்ப்பாசனம் எப்படி நடக்கிறது என்பது அவளுடைய பாடம். வாரத்தில் இரண்டு நாள் கொட்டாம்பட்டிப் பக்கம் பஸ் ஏறிப் போய்விடுவாள். கண்மாய்க்கரையில் விவசாயம் பார்க்கும் சம்சாரிகளோடு பேசிப் பேசியே தமிழைப் பிடித்துக்கொண்டாள்.

வெளிநாட்டிலிருந்து வந்து படிப்பவர்களுக்குத் தேர்வு விதிகள் தனி. அவர்கள் ஓர் அகராதி வைத்துக்கொள்ளலாம். அதில் அலுவலக முத்திரை இருக்க வேண்டும். கையால் எழுதியது ஒரு சொல்கூட இருக்கக் கூடாது. அதைப் பார்த்து உள்ளே அனுப்ப வேண்டியவர் அறைக் கண்காணிப்பாளர். அவள் தேர்வு எழுத வந்த அன்று அந்த அறைக்கு என்னைத்தான் போட்டிருந்தார்கள்.

வாசலில் அவள் அகராதியை நீட்டினாள். முத்திரை இருந்தது. புரட்டினேன். ஓரங்களில் பென்சிலால் அவள் மொழியில் பொடிப்பொடியாக ஏதோ எழுத்து. பக்கத்தில் கோணல்மாணலாகத் தமிழ். 'அம்புட்டுத்தான்', 'மதினி', 'சில்லறை குடுங்க' என்றிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள். அழித்துவிட்டு வா என்று சொல்லியிருக்கலாம், கால் மணி நேரம் இருந்தது. பாவம் என்று உள்ளே விட்டேன்.

தேர்வு தொடங்கி ஒரு மணி நேரத்தில் பறக்கும் படை வந்தது. வந்த இரண்டு பேரில் மூத்தவர் நேராக அவள் மேசைக்குப் போய் அகராதியை எடுத்தார். ஒரு பக்கத்தில் நின்றார்.

"என்னம்மா இது? மடை, கலுங்கு, நீர்ப்பாய்ச்சின்னு எழுதியிருக்கு. இன்னைக்குக் கேள்வியே அதுதான?"

"ஊருல கேட்ட வார்த்தை சார். பஸ்ல எழுதினேன்" என்றாள்.

அவர் என் பக்கம் திரும்பினார். "உள்ள விடும்போது பாத்தீங்களா, இல்லையா?"

பார்த்தேன் என்றால் நானும் மாட்டிக்கொள்வேன். வராத அந்தக் கடிதம் இனி வரவே வராது.

"முத்திரையத்தான் பாத்தேன் சார். உள்ள எழுதியிருந்ததக் கவனிக்கல."

அவள் என்னையே பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். தமிழைத் தப்பாகப் புரிந்துகொண்டோமோ என்று சந்தேகப்படுகிறவள் மாதிரி பார்த்தாள். விடைத்தாளை வாங்கிக்கொண்டார்கள். நான் சாட்சியாகக் கையெழுத்துப் போட்டேன்.

விசாரணைக் குழு இரண்டே நாளில் முடிவு சொன்னது. அந்தத் தாள் ரத்து. உள்ளூர் மாணவர் என்றால் அடுத்த செமஸ்டரில் எழுதிக்கொள்ளலாம். ஒரு செமஸ்டருக்கு மட்டும் வந்தவளுக்கு அடுத்த செமஸ்டர் என்று ஒன்று கிடையாது. அவளுடைய பல்கலைக்கழகத்துக்கும் எழுதிவிட்டார்கள்.

அவள் கே.கே. நகரில் ஒரு வீட்டு மாடியில் வாடகைக்கு இருந்தாள். தேடிப் போனேன். பெட்டியில் துணிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தாள். வாங்கி ஓரமாக வைத்தேன்.

"சார், நீங்க பாத்தீங்கதான?"

"பாத்தேம்மா."

"சிரிச்சீங்க."

"ஆமா."

"அப்புறம் ஏன் சார்?"

"பயந்துட்டேன்."

அவள் கையிலிருந்த துணியை மடித்துப் பெட்டியில் வைத்தாள். பிறகு, "வெள்ளிக்கிழமை எனக்கு ஃப்ளைட். அதுக்கு முன்னாடி இத அவங்ககிட்டச் சொல்லுவீங்களா?" என்று கேட்டாள். கெஞ்சவில்லை, வழி கேட்பது போலத்தான் கேட்டாள்.

"நாளைக்குக் காலைல போய்ச் சொல்லிர்றேன்" என்றேன். சொல்லும்போது அது பொய்யில்லை.

மறுநாள் காலை தேர்வு அலுவலகம்வரை போனேன். குழுத் தலைவர் ஒரு கூட்டத்தில் இருந்தார். பெஞ்சில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அலுவலக உதவியாளர் வந்து, "என்ன விஷயமாப் பாக்கணும்ணே?" என்றார். "ஒண்ணுமில்ல, அப்புறம் வாரேன்" என்று எழுந்து வந்துவிட்டேன். வியாழக்கிழமை போகவே இல்லை. வெள்ளிக்கிழமை மதியம் முழுக்க வகுப்பெடுத்தேன். என்ன எடுத்தேன் என்று நினைவில்லை.

ஜூனில் வேலையைப் புதுப்பித்த கடிதம் வந்தது. வீட்டில் பாயசம் வைத்தார்கள். அதற்குப் பிறகு ஒருநாள் துறைத் தலைவர் அவளுடைய பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஒரு மின்னஞ்சலைக் காட்டினார். முறைகேடு என்று பதிவானதால் அந்தப் பெண் அங்கே அந்த ஆண்டை மறுபடி படிக்கிறாளாம். "நல்லாப் படிக்கிற பிள்ளை. ஏன் இப்படிச் செஞ்சுச்சோ" என்றார் அவர்.

நான் அவர் மேசையிலிருந்த வருகைப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போனேன்.