மூன்றில் ஒரு பங்கு மீன்

1. நான் சேர்த்த வரி

மீன்வளத் துறையின் வேலூர் அலுவலகத்தில் நான் கண்காணிப்பாளராக இருந்தேன். ஓய்வு பெற எட்டு மாதம் இருந்தபோது ஒரே ஒரு வரியால் மாட்டிக்கொண்டேன். எழுதியவளும் நான்தான்.

மீன்வளம் அழியாமல் மீன் பிடிக்கும் சங்கங்களுக்கு அரசு சான்றிதழ் கொடுக்கலாம் என்று சென்னையில் வரைவு விதி தயாரித்தார்கள். கட்டாயமில்லை, விருப்பப்பட்டவர்கள் வாங்கலாம். டிராஃப்ட் முழுக்கக் கடலை வைத்து எழுதியது. எங்கள் மாவட்டத்தில் கடலுக்கு எங்கே போவது? கருத்துக் கேட்டு ஃபைல் வந்ததும், ‘இவ்விதிகள் ஏரி, குளங்களுக்கும் பொருந்தும்’ என்று சேர்க்கலாம் என நோட் போட்டு இனிஷியல் வைத்தேன். சென்னையில் அப்படியே ஏற்றுக்கொண்டார்கள். அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

2. கஸ்தூரியின் மனு

ஆட்சேபணை சொல்ல இன்னும் மூன்றே நாள் இருக்கும்போது கஸ்தூரி வந்தார். ஆம்பூர் பக்கம் ஓர் ஏரியில் மீன் பிடிக்கும் சங்கத்தின் தலைவி. மனுவோடு கொண்டுவந்த டிராஃப்ட் நகலில் ஒன்பதாம் விதியைச் சுற்றிப் பேனாவால் வட்டம் போட்டிருந்தார்.

“மேடம், மூணுல ஒரு பங்கு மீன தண்ணியிலயே விட்டுடணும்னு போட்டுக்குது. எங்க ஏரி சித்திரையில வத்திப் போய்டும். விட்ட மீனு எங்க போவும்?”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கடலில் விட்ட மீன் பெருகும். இங்கே மழைக்குப் பிறகு மீன்குஞ்சு வாங்கி ஏரியில் விடுவார்கள். தண்ணீர் வற்றும்போது கடைசி மீன்வரை பிடித்துவிடுவார்கள். மிச்சம் வைத்தால் சேற்றில் கிடந்து நாறும். முப்பது வருடமாக எனக்குத் தெரிந்த விஷயம்தான். எழுதும்போது புத்தி எங்கே போனதோ.

சமாளிக்கப் பார்த்தேன். விருப்பமிருந்தால் வாங்கும் சான்றிதழ்தானே, வேண்டாமென்றால் விட்டுவிடுங்கள் என்றேன்.

சங்கத்து மீனில் பாதிக்கு மேல் ஒரு ஷூ கம்பெனி கேன்டீனுக்குத்தான் போகிறதாம். சான்றிதழ் நடைமுறைக்கு வந்தால் அது உள்ள மீனைத்தான் எடுப்போம் என்று கேன்டீன் மேனேஜர் சொல்லிவிட்டாராம்.

“ஷூ வாங்கற வெளிநாட்டுக்காரன் ஆடிட்டுக்கு வர்றான். அரிசிக்கும் பேப்பர் கேக்கறான், மீனுக்கும் கேக்கறான். இதுல எங்களுக்கு இன்னா மேடம் விருப்பம்?”

3. மேசை டிராயர்

மனுவை வாங்கிக்கொண்டேன். தபால் பதிவேட்டில் பதியவில்லை. பதிந்தால் அந்த வரி யாருடையது என்று கேட்பார்கள். மெமோ வருமோ, பென்ஷன் நின்றுவிடுமோ என்று பயம். மனு என் டிராயரிலேயே கிடந்தது. கஸ்தூரி ஒருமுறை போன் செய்தார். பார்க்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

கடைசி நாள் மாலை அதற்கு மேல் தாங்கவில்லை. மனுவோடு இணை இயக்குநர் அறைக்குப் போய், தவறான வரி என்னுடையது என்று ஒப்புக்கொண்டேன். அவர் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

“இதுக்கா இப்படி வேர்க்குது? டிராஃப்ட்டுன்னா திருத்தத்தானேம்மா. நேத்து குடுத்திருந்தா, காலையில சென்னை மீட்டிங்ல நானே சொல்லியிருப்பேன்.”

அன்று காலைதான் அங்கே குழு கூடி ஏரி, குளம் பகுதியை முடித்திருந்தது. மனுவை உடனே மெயிலில் அனுப்பினோம். பலனில்லை; முடித்த பகுதியை மறுபடி எடுக்க முடியாது என்றுவிட்டார்கள். ஒன்பதாம் விதி அப்படியே வெளிவந்தது. வற்றும் ஏரிகளுக்கு விலக்களித்துத் திருத்தம் வர ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. அதற்குள் கேன்டீனில் சான்றிதழ் பெற்ற கடல் மீன், ஐஸ் பெட்டியில் வந்து இறங்க ஆரம்பித்துவிட்டது.

எனக்கு மெமோ வரவில்லை. பென்ஷனும் ஒழுங்காக வருகிறது.

திருத்தம் வந்த அன்று கஸ்தூரி போன் செய்தார். “நீங்க சென்னைக்கு எழுதினதாலதான் மேடம் மாத்தினாங்க. சங்கத்துல எல்லாரும் உங்களத்தான் சொல்றாங்க.” கேன்டீன் என்ன ஆயிற்று என்று கேட்டேன். “அது போய்ட்டுது. வேற எடம் பாக்கறோம்.”

புதிதாகப் பணியில் சேர்ந்திருப்பவர்களுக்குச் சொல்கிறேன். தப்பான வரியை யாரும் எழுதலாம். அதைத் தப்பென்று காட்டும் மனுவை அன்றைக்கே பதிந்துவிடுங்கள். அந்த மூன்று நாளைப் பற்றி நான் கஸ்தூரியிடம் இன்னும் சொல்லவில்லை.