வெளிச்சம் போவதற்குள்

கமால் ராவுத்தர் காலமான செய்தியை எனக்குக் கொண்டுவந்தவர் விஞ்ஞானக் கூட்டங்கள் நடத்தும் எங்கள் குழுவின் செயலாளர். "நேத்தே அடக்கம் ஆயிருச்சுங்க. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்கு அனுதாபக் கூட்டம். ஏழு பேரு பேசறாங்க, மாஷும் பேசோணும்" என்றார். மலையாள எல்லையில் வாத்தியாருக்கு மாஷ் என்று பெயர். அழுகை வர வேண்டிய இடத்தில் எனக்கு எரிச்சல் வந்தது. காலையில் வைக்கலாமே என்றேன். தலைவருக்கு மாலையில்தான் சௌகரியமாம்.

அவரை அறிந்தவர்களுக்கு என் எரிச்சல் புரியும். நெல் நோய்களை ஆராயும் விஞ்ஞானி அவர். ஞாயிறுதோறும் தம் மைக்ராஸ்கோப்பைத் தூக்கிக்கொண்டு பள்ளிப் பிள்ளைகளைத் தேடிப் போவார். அதன் அடியில் ஒரு சின்னக் கண்ணாடி உண்டு. வானத்து வெளிச்சம் அதில் விழுந்தால்தான் மேலே எதுவும் தெரியும்.

சித்தூர்ப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் நடந்த விஞ்ஞான விழாவை நான் மறக்கவில்லை. இரண்டு மணிக்கு வரவேற்புரை தொடங்கியது. பிறகு பொன்னாடை, தலைமையுரை, வாழ்த்துரை. ஐந்தாவதாக நான் எழுந்து அணுவைப் பற்றி நாற்பது நிமிஷம் வெளுத்துவாங்கினேன். நன்றியுரை முடிந்தபோது ஐப்பசித் துலாமாத மழைமேகம் வானத்தை மூடியிருந்தது. வரிசையில் முதலில் நின்ற சிறுமி கண்ணை வைத்துப் பார்த்து, "ஒண்ணும் தெரியலீங்க" என்றாள்.

"தெரியலேன்னு சொன்ன பாரு கண்ணு, அது பெருசு. இத்தன நேரம் பேசுன நாங்க ஒருத்தரும் அதச் சொல்லல" என்றார் ராவுத்தர்.

திரும்பும் பஸ்ஸில் கொழிஞ்சாம்பாறை வந்ததும் டிக்கெட்டை மடித்துப் பையில் வைத்தார். அப்புறம், "உங்க பேச்சு நல்லாத்தான் இருந்துச்சு மாஷே. அந்த நாப்பது நிமிஷமும் வானம் வெளுப்பா இருந்துச்சு" என்றார். அதற்குப் பதில் அவர் என்னைத் திட்டியிருக்கலாம்.

அடுத்த முறை மூணாறு தேயிலை எஸ்டேட் ஒன்றில் அவர் முந்திக்கொண்டார். சிறப்பு விருந்தினரின் ஜீப் வருமுன்பே வராந்தாவில் கடை விரித்துவிட்டார். மூடுபனி இறங்குவதற்குள் எல்லாப் பிள்ளைகளும் தேயிலை மூச்சுவிடும் நுண்துளைகளைப் பார்த்துவிட்டார்கள். வரவேற்க ஆளில்லாமல் விருந்தினர் மாலையைத் தாமே வாங்கிப் போட்டுக்கொண்டார். குழு அதன்பின் ராவுத்தரை அழைக்கவில்லை. "கூப்படாட்டி என்ன, பஸ் ஓடுதல்லோ" என்று அவர் பாட்டுக்குப் போய்வந்தார்.

அனுதாபக் கூட்டத்தில் அந்த மைக்ராஸ்கோப்பை மேடையில் வைத்து மாலை போட்டிருந்தார்கள். பிள்ளைகளைத் தரையில் உட்காரவைத்து, அசையக்கூடாது என்று மிரட்டியிருந்தார்கள். மூன்றாவதாக என்னை அழைத்தபோது மணி ஆறு. நான் பேசவில்லை. மாலையைக் கழற்றிவிட்டுக் கருவியை முற்றத்துக்குத் தூக்கிப்போனேன். பிள்ளைகள் பின்னாலேயே ஓடிவந்தார்கள். செயலாளர் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை.

நான்கு பேர் அதில் ராவுத்தர் விட்டுப்போன நெல்லிலையைப் பார்த்தார்கள். ஐந்தாவது சிறுமி குனிந்தாள். "இருட்டா இருக்குதுங்க."

"காலைல எட்டு மணிக்கு வா கண்ணு. நான் இங்கயே இருப்பேன்" என்றேன்.

கமால் ராவுத்தரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது வெளிச்சம் போவதற்குள் காட்டிவிடும் அந்த அவசரம் ஒன்றைத்தான். அது எனக்கு நாற்பது நிமிஷம் பிந்தி வந்தது.