கயல்விழி கிழித்த பாட்டு

கயல்விழி கிடார் வாங்கிய நாளிலிருந்து நாத்தனார் மாலதிக்கு ஒரே கேள்விதான். "இத வச்சி என்னத்தக் கிழிக்கப் போற?"

நியாயமான கேள்விதான். திருப்பாதிரிப்புலியூரில் மிக்சி, கிரைண்டர் ரிப்பேர் பார்க்கிறவளுக்கு எலெக்ட்ரிக் கிடார் எதற்கு? ஆனால் பிடித்துத் தொலைத்துவிட்டதே, என்ன செய்ய! கடையில் பாதி அவளுடைய மிக்சிகளுக்கு, மீதி கணவன் இளவரசுவின் மைக்செட்டுக்கு. இளவரசு தங்கமான மனிதன். ஒரே ஒரு திமிர் உண்டு. அவன் செட்டில் கரகரப்பு என்பதே இருக்கக் கூடாது. எங்காவது ஸ்பீக்கர் கரகரத்தால், "கிழிஞ்சிடிச்சு" என்பான், எழவு வீட்டுக்குப் போன முகத்தோடு.

கயல்விழிக்கோ அந்தக் கரகரப்புதான் வேண்டியிருந்தது. புதுச்சேரியில் பழைய சாமான் கடையில் அவள் தேடிப் பிடித்த வால்வு ப்ரீஆம்ப், அதாவது கிடாரின் சத்தத்தைப் பெருக்கித் தருகிற பெட்டி, பரம சாது. எப்படி அடித்தாலும் கைகூப்பி வணக்கம் சொல்லும். அவளுக்கு அது உறும வேண்டும்.

சிதம்பரத்தில் டிரம்ஸ் வாசிக்கும் சிவபிரசாத், தன் தங்கை தாட்சாயிணியின் கல்யாண ரிசப்ஷனில் அவளுக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்தான். "ஒரே பாட்டுதாங்க்கா. எடுபட்டா எங்க குரூப்ல நீங்களும் ஒரு ஆளு. இல்லன்னா மனசுல வச்சிக்காதீங்க." முப்பத்தாறு வயதில் முதல் மேடை. விடுவாளா?

இளவரசு வடலூருக்குச் செட் கட்டப் போனதும் பெட்டியைத் திறந்தாள். பிளக்கைப் பிடுங்கி, உள்ளே தேங்கியிருந்த மின்சாரத்தை ரெசிஸ்டர் வைத்து இறக்கி, மீட்டரில் பூஜ்யம் பார்த்த பிறகுதான் கை வைத்தாள். வால்வின் அடியிலிருந்த ரெசிஸ்டரோடு ஒரு கண்டன்சரைச் சேர்த்து ஈயத்தால் பற்றவைத்தாள். சத்தம் எகிறியது. ஆசை அடங்கவில்லை. அந்த வால்வுக்குள் ஒரு பாதி சும்மாதான் கிடந்தது. அதையும் வேலைக்கு இழுத்து, முதல் பாதியின் சத்தத்தை அதற்குள் திணித்தாள். கிடாரை எடுத்து ஓங்கி ஓர் அடி.

அடேயப்பா! அலமாரியிலிருந்த மிக்சி ஜார்களெல்லாம் கிடுகிடுத்தன. மிக்சியை வாங்கிப்போக வந்திருந்த அன்னபூரணி டீச்சர், "ஐயய்யோ, எம் மோட்டார் பொகஞ்சிடிச்சா?" என்று அலறினார். கயல்விழி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இவ்வளவு சந்தோஷம் அவளுக்குக் கல்யாணத்தன்றுகூட வரவில்லை.

கணவனிடம், "கெயின் ஜாஸ்தி பண்ணியிருக்கேன் மாமா" என்று மட்டும் சொன்னாள். அவள் சொன்னது கரகரப்பை; அவன் அதைச் சத்தம் என்று எடுத்துக்கொண்டான். மைக்செட்காரனுக்கு வேறெப்படிப் புரியும்?

ரிசப்ஷனுக்கு மைக்செட் இளவரசுவுடையதுதான். மேடையில் முதல் அடி விழுந்தது. மண்டபம் அதிர்ந்தது. மறுகணமே சத்தம் செத்துப்போனது. இளவரசுதான், சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற மிக்சரில் இறக்கிவிட்டான். வேர்க்க விறுவிறுக்க ஓடிவந்து வயரை மாற்றினான். மறுபடி அடித்தாள். மறுபடி இறக்கினான். இந்தமுறை ஸ்பீக்கரில் காதை வைத்து, எழவு வீட்டு முகத்தோடு நின்றான். சிவபிரசாத்தின் குச்சி அந்தரத்தில் நின்றது. முன்வரிசையில் மாலதி வேறு. கயல்விழி ஒரே எட்டில் முன்னால் வந்தாள். மைக்கைப் பிடுங்கினாள்.

"மாமா! அது ரிப்பேர் இல்ல மாமா! அதான் பாட்டே! ஏத்து மாமா, ஏத்து!"

மண்டபமே சிரித்தது. பாவம் இளவரசு, ஊர் முழுக்கக் கட்டிக்காத்த பெயரை ஒரு நிமிஷம் நினைத்துப் பார்த்தான். பிறகு கண்ணை மூடிக்கொண்டு முழுசாக ஏற்றினான்.

பெட்டி உறுமியது. குழந்தைகள் மேடைக்கு ஓடிவந்தன. மணப்பெண் பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஆடினாள். கயல்விழிக்குத் தரையில் கால் பாவவில்லை. பெண்ணின் பெரியப்பா பஞ்சநாதம், காதைப் பொத்தியபடி இளவரசுவிடம் போய்க் கத்தினார்.

"தம்பி, செட்டு கிழிஞ்சுபோச்சு போலிருக்கே!"

சரியாக அந்த நேரம் பாட்டு முடிந்தது. இளவரசு கத்திய பதில் மண்டபம் முழுக்கக் கேட்டது.

"செட்டு கிழியல சார்! எம் பொண்டாட்டி கிழிக்கிறா!"

கயல்விழி முன்வரிசையைப் பார்த்தாள். மாலதி நாற்காலிமேல் ஏறி நின்றிருந்தாள்.

"இன்னொண்ணு கிழிடி கயலு!"