அலமாரிக் கதவில் முதலிடம்

அக்காவின் அலமாரியைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது சேலைகள் அல்ல. கதவின் உட்புறத்தில், ஆணியில் தொங்கும் சீப்புக்குச் சற்று மேலே, ஒரு பத்திரிகைப் பக்கம் ஒட்டியிருக்கும். கணினி மொழிகளில் எது அதிகப் புழக்கத்தில் இருக்கிறது என்று வரிசைப்படுத்திக் காட்டும் பக்கம். மேலிருந்து கீழே இறங்கும் பெயர்களில் ஒன்றின் அடியில் அப்பா சிவப்புப் பென்சிலால் கோடு இழுத்திருப்பார். கோபோல். அக்காவுக்குச் சோறு போட்ட மொழி. காலையில் வேலைக்குக் கிளம்பச் சேலை எடுக்கும்போதெல்லாம் அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டுத்தான் அவள் எடுத்தாக வேண்டும்.

அப்பா துறைமுகத்தில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் ரிப்போர்ட் கார்டு வீட்டுக்கு வந்தால் மார்க்கைப் பார்க்க மாட்டார், “எத்தனாவது?” என்றுதான் கேட்பார். வகுப்பில் முதல் இடம் என்றால் அன்றைக்குக் கடையில் ரொட்டி சானாய் உண்டு. அக்காவுக்குப் பெரும்பாலும் உண்டு. நான் எப்போதும் நடுவில் எங்கேயோ கிடப்பவன் என்பதால் என்னிடம் கேட்பதையே சீக்கிரம் நிறுத்திவிட்டார். அன்றைக்கு அது அவமானமாக இருந்தது. என் வாழ்க்கையில் எனக்கு அடித்த பெரிய அதிர்ஷ்டம் அதுதான் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன்.

எழுபதுகளின் கடைசியில் அக்கா ஜார்ஜ்டவுனில் ஒரு கப்பல் ஏஜெண்ட் அலுவலகத்தின் கணினிப் பிரிவில் சேர்ந்தாள். இயந்திரம் இருந்த அறையில் குளிர் எலும்பைப் பிடிக்கும் என்பதால் பினாங்கு வெயிலில் கையில் ஸ்வெட்டரோடு பஸ் ஏறுவாள். சுங்கை பினாங் ஃபிளாட்டில் எங்கள் மாடிக்காரர்கள் அவளுக்கு ‘லண்டன்காரி’ என்று பெயரே வைத்துவிட்டார்கள். சரக்குக் கட்டணம், கிடங்கு வாடகை, எந்தப் பெட்டி எந்தக் கப்பலில் போனது என்று அத்தனை கணக்கையும் அவள் எழுதிய நிரல்கள்தான் பார்த்தன. கோபோல் எழுதும் கட்டம் போட்ட தாளில் இடப்பக்கம் ஏழு கட்டத்தை விட்டுவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டுமாம். அந்தப் பழக்கம் அவள் கையில் ஊறிப் போய், மளிகைச் சாமான் எழுதினாலும் அதே அளவு இடம் விட்டுத்தான் எழுதுவாள். துவரம் பருப்பு தாளின் நடுவிலிருந்து ஆரம்பிக்கும். நாங்கள் கேலி செய்வோம். அவளும் சிரிப்பாள். அந்த நாட்களில் அக்கா நன்றாகச் சிரிப்பாள்.

சௌராஸ்தா மார்க்கெட் மாடியில் பழைய புத்தகக் கடைகள் உண்டு. வெளிநாட்டுக் கணினிப் பத்திரிகைகள் யாரோ படித்துத் தூக்கிப் போட்ட பிறகு அங்கே வந்து சேரும். மகள் பார்க்கும் வேலை என்னவென்று தெரிந்துகொள்ளத்தான் அப்பா முதலில் அவற்றை வாங்கினார். ஒரு இதழில் அந்த வரிசை இருந்தது. முதலிடத்தில் கோபோல். அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. சோற்றுப் பசை தடவி அலமாரிக் கதவில் ஒட்டினார். “பார்த்தியாம்மா, இங்கயும் நீதான் ஃபர்ஸ்ட்டு லா” என்றார். தவறு அந்த நிமிடத்திலேயே நடந்துவிட்டது. அது ஒரு மொழியின் பெயர். அவர் அதைத் தன் மகளின் பெயராகப் படித்தார். அக்காவும் அப்படியே படித்தாள்.

அடுத்த வரிசையில் கோபோல் இரண்டு இடம் இறங்கியது. அதற்கடுத்ததில் இன்னும் கீழே போனது. புதிய பக்கம் கிடைக்கும்போதெல்லாம் பழையதன் மேலேயே அப்பா ஒட்டிவிடுவார். திட்ட மாட்டார். பக்கத்தைத் தடவிவிட்டு, “இந்த வாட்டியும் எறங்கிட்ட” என்பார். ஒருநாள் அக்கா, “நான் ஒண்ணும் தப்பா எழுதலயேப்பா” என்று அழுதாள். அவள் எழுதியதில் ஒரு குறை இல்லை. மாதக் கடைசியில் பில்கள் பிசகாமல் வந்துகொண்டிருந்தன. ஆனாலும் பரீட்சையில் தோற்றவள் போலச் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

அப்பாவைக் கொடுமைக்காரராகக் காட்டிவிட்டுப் போவது எனக்குச் சுலபம். கன்டெய்னர் பெட்டிக் கப்பல்கள் வந்து ஆள் தேவை குறைந்த காலத்தில் துறைமுகத்தில் அவரோடு வேலை பார்த்தவர்கள் கூட்டம் கூட்டமாக வீட்டுக்கு அனுப்பப்பட்டதை அவர் கண்ணால் பார்த்தவர். “தள்ளுறதுக்கு முன்னாடி நாமளே தாண்டிப் போயிரணும்மா” என்பார். அவருடைய பயம் உண்மையான பயம். அந்தப் பயத்துக்கு ஒரு பத்திரிகைப் பக்கம் கிடைத்துவிட்டது, அவ்வளவுதான்.

அந்தப் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு உண்டு. வேலைக்கு ஆள் தேவை என்று வரும் விளம்பரங்களை எண்ணித் தயாரித்த வரிசை அது. அதை நான் படித்துக் காட்டினேன். இருவர் காதிலும் ஏறவில்லை. சி மொழி உச்சியில் இருந்த சமயத்தில், அக்கா மாலை வகுப்பில் சேர்ந்து அதைப் படித்து, பாயான் லெப்பாஸ் பக்கம் ஒரு புதிய நிறுவனத்தில் இடமும் வாங்கினாள். ராஜினாமாவைக் கொடுத்தபோது அவளுடைய பிரிவுத் தலைவர் அவளை உட்கார வைத்துப் பேசியிருக்கிறார். “இத்தன வருஷத்துல ஒன் சீட்டுக்கு நாம பேப்பர்ல ஒரு விளம்பரம் போட்டிருக்கமாம்மா? நீ போனாத்தான் போடணும். போகாத லா” என்றாராம். வீட்டுக்கு வந்து அதை ஒரு தமாஷாகத்தான் எங்களிடம் சொன்னாள். அவள் விலகிய மாதமே அந்த அலுவலகம் பேப்பரில் விளம்பரம் கொடுத்தது. பினாங்குப் பேப்பரையும் அந்தப் பத்திரிகை எண்ணியிருந்தால், அக்கா விட்டுப் போன காரணத்தாலேயே கோபோலுக்கு ஒரு விளம்பரம் கூடியிருக்கும்.

யாரும் விட்டுப் போகாத வேலைக்கு விளம்பரம் இல்லை. விளம்பரம் இல்லாத வேலையை அந்த வரிசை இல்லாத வேலை என்றே எண்ணிக்கொண்டது. பத்திரிகை பொய் சொன்னது என்று சொல்ல மாட்டேன். எந்த வகுப்பில் சேரலாம் என்று தெரியாமல் நிற்கும் ஒருவருக்கு அது உதவியிருக்கும். நல்ல நாற்காலியில் ஏற்கெனவே உட்கார்ந்திருப்பவள் அதைப் பார்த்து எழுந்திருக்க ஒரு காரணமும் இல்லை.

புதிய இடத்தில் எல்லோரும் கல்லூரி விட்டு அப்போதுதான் வந்தவர்கள். அக்கா நிதானமாக எழுதுபவள். ஒவ்வொரு வரியையும் தாளில் எழுதிப் பார்த்த பிறகுதான் இயந்திரத்தைத் தொடுவாள். வேகம் போதாது என்று சோதனைக் காலம் முடிந்ததும் அனுப்பிவிட்டார்கள். அதற்குள் பத்திரிகையில் வேறொன்று மேலே ஏறிக்கொண்டிருந்தது. அக்கா அதையும் படிக்கப் போனாள். பிறகு இன்னொன்று. அக்கரையில் கெப்பாலா பத்தாஸ் வரைக்கும் நேர்முகத் தேர்வுக்குப் போய்விட்டு, ஃபெர்ரியில் திரும்பி, முகம் கழுவக்கூடத் தெம்பில்லாமல் நாற்காலியில் சாய்வாள். எதிலும் அவள் பழையபடி தேறவில்லை. ஒன்று கைக்கு வருவதற்குள் அடுத்ததற்கு ஓடினால் யாருக்குத்தான் வரும்? “இந்த வருஷம் எதுப்பா ஃபர்ஸ்ட்டு?” என்று அவள் கேட்கும் குரல் எனக்குத் தாங்காது. ரேஷன் வரிசையின் கடைசியில் நின்று, அரிசி இன்னும் மிச்சம் இருக்கிறதா என்று கேட்கும் குரல் அது. ஸ்வெட்டரைப் பெட்டியில் வைத்தவள் பிறகு எடுக்கவே இல்லை. கடைசியில் ஒரு டாக்டரின் கிளினிக்கில் டோக்கன் கொடுக்கும் வேலைக்குப் போனாள்.

தொண்ணூறுகளின் முடிவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய பிரிவுத் தலைவரிடமிருந்து போன் வந்தது. நான் பக்கத்தில்தான் இருந்தேன். அவர் குரல் வெளியே கேட்கும் அளவுக்குப் பேசினார். “ரெண்டாயிரம் பொறக்கப் போகுது. மெஷினுக்கு வருஷத்துல கடைசி ரெண்டு நம்பர்தான் தெரியும், எல்லாக் கணக்கும் கொழம்பிரும். இன்னும் ஒன்னோட புரோகிராம்தாம்மா ஓடுது. நீ வந்து பார்த்துக் குடு. என்ன சம்பளம் வேணும்னாலும் கேளு.” எனக்கு எழுந்து குதிக்க வேண்டும் போலிருந்தது. அக்கா ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கேட்டாள்:

“இப்ப அது எத்தனாவது எடத்துல இருக்கு பாஸ்?”

அவர் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. யோசித்துச் சொல்வதாகச் சொல்லி ரிசீவரை வைத்துவிட்டு அப்பாவைப் பார்த்தாள். அப்பா தள்ளாடி எழுந்து அலமாரியைத் திறந்து, கண்ணாடியை ஏற்றிவிட்டுத் தேடினார். அந்தப் பக்கத்தில் கோபோல் எங்கேயோ அடியில் கிடந்தது. “இவ்வளவு கீழயா... வேணாம்மா. வேல முடிஞ்சதும் மறுபடி வீட்டுக்கு அனுப்பிருவாங்க” என்றார். நான் கத்தினேன். “கூப்பிடுறது மனுஷன்க்கா, பத்திரிகை இல்ல!” என்று தொண்டை வலிக்கக் கத்தினேன். “எல்லாம் மறந்து போச்சு தம்பி” என்றாள். மறுநாள் மேசையில் அவள் எழுதி வைத்திருந்த மளிகைச் சீட்டைப் பார்த்தேன். இடப்பக்கம் அதே ஏழு கட்டத்துக்கு இடம் விட்டிருந்தது. அவளுக்கு எதுவும் மறக்கவில்லை. அலுவலகம் கோலாலம்பூரிலிருந்து ஆளை வரவழைத்துக்கொண்டது. அவள் எழுதியது அதற்குப் பிறகும் வெகுகாலம் ஓடியது.

இன்று நான் பத்து காவானில் ஒரு தொழிற்சாலையின் கணினிப் பிரிவில் இருக்கிறேன். கூட இருக்கும் பிள்ளைகள் இதே வரிசையைப் போனில் பார்த்து, “அண்ணே, நம்ம லெங்குவேஜு எறங்கிருச்சு” என்று முகம் வாடுகிறார்கள். என்ன சொன்னாலும் கேட்டுக்கொண்டு மறுபடியும் போனைத்தான் பார்க்கிறார்கள்.

அப்பா போன பிறகு அக்காவை என் வீட்டுக்கு அழைத்து வந்தேன். கூடவே அலமாரியும் வந்தது. கதவைத் திறந்தேன். ஒன்றன் மேல் ஒன்றாக ஒட்டிய பக்கங்கள் தடித்து, மஞ்சளாகி, ஓரங்களில் பூச்சி அரித்து நின்றன. இந்தச் சனியனை இன்றைக்கு ஒழித்துவிடுவது என்று ஈரத்துணியை எடுத்து ஒரு மூலையில் நகத்தை வைத்தேன். அக்கா ஓடி வந்து என் மணிக்கட்டைப் பிடித்தாள். வயதான கையில் அவ்வளவு பலம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

“கிழிக்காத தம்பி” என்றாள். “எல்லாத்துக்கும் அடியில இருக்கே, அதுல நான்தான் ஃபர்ஸ்ட்டு.”