அது என் தூசி இல்லம்மா

தேநீர் இன்னும் ஆறவில்லை. தூசி அண்ணன் சட்டைப் பையிலிருந்து கறுப்பு ரப்பர் பம்பை எடுத்தார். எலுமிச்சம்பழ அளவு, நுனியில் சின்னதாக ஒரு மூக்கு. கோப்பைக்கு மேலே பிடித்து நாலு தடவை அமுக்கினார். "வாயால ஊதினா எச்சில் தெறிக்கும்மா" என்று எதிரே இருந்தவளிடம் விளக்கமும் சொல்லிவிட்டு நிம்மதியாகக் குடித்தார். சொந்தத் தேநீரில் சொந்த எச்சில் விழுந்தால் என்ன குடியா முழுகிவிடும்? ஏழு வருடமாக அவளும் கேட்டுப் பார்த்துவிட்டாள், பயனில்லை.

அவள் அந்தக் கேமரா நிறுவனத்தின் பொறியாளர். அவளுக்கு அவர் "அண்ணே". அவருக்கு அவள், நாலு பேர் இருந்தால் "மேடம்", தனியாக இருந்தால் "ஏம்மா".

அங்கே செய்வது சூட்டைப் படம் பிடிக்கிற கேமரா. ஒரு காலத்தில் இரண்டு ஆள் சேர்ந்து தூக்கவேண்டியிருந்த பெட்டி, இன்று உள்ளங்கையில் அடங்குகிறது. அதன் லென்ஸ் கறுப்பாகப் பளபளக்கும். கண்ணுக்கு நேரே பிடித்தாலும் அந்தப் பக்கம் ஒன்றும் தெரியாது. "நமக்கு இது கல்லு, சூட்டுக்கு இது ஜன்னல்" என்பார் அண்ணன். சாதாரணக் கண்ணாடி இதற்கு நேர் எதிர், சூட்டை உள்ளே விடாது. அதனால் மூக்குக் கண்ணாடி போட்டவர்கள் அந்தக் கேமராவில் கறுப்புக் கண்ணாடி மாட்டியவர்கள்போலத் தெரிவார்கள். அவளைத் திரையில் பார்க்கும்போதெல்லாம், "மேடம் ஷூட்டிங் கிளம்பிட்டாங்க" என்பார். ஒரு நாள்கூட விட்டதில்லை.

லென்ஸையும் உள்ளே இருக்கும் சென்சாரையும் சேர்த்து மூடுவதற்கு முன் கடைசியாகப் பார்ப்பவர் அவர்தான். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார். சென்சாரின்மேல் ஒரு துளி தூசி உட்கார்ந்துவிட்டால், எடுக்கிற படத்திலெல்லாம் அதே இடத்தில் ஒரு புள்ளி நிற்கும். இப்பேர்ப்பட்ட மனிதரைப் பற்றி அவர் மனைவி, நிறுவனத்துக்கு வந்த ஒரு நாள் எல்லார் முன்னாலும் போட்டு உடைத்தார்: "வீட்ல ஒட்டடை அடிக்கச் சொல்லுங்க பாப்போம். உடனே முதுகு பிடிச்சுக்கும்." அண்ணன் மறுக்கவில்லை. மனைவியின் தோளில் இருந்த நூலைப் பம்பால் ஊதித் தள்ளினார். பாராட்டோ திட்டோ எது வந்தாலும் அவர் இப்படித்தான், எதிராளிமேல் தூசி தேட ஆரம்பித்துவிடுவார்.

போன மாதம் அந்தப் பம்பு மூன்று நாள் அவர் பைக்குள்ளேயே கிடந்தது. காரணம் அவள்தான்.

பெரிய சலவை நிலையம் ஒன்றில், பாய்லரைக் கண்காணிக்க இவர்களுடைய கேமராவைச் சுவரில் பொருத்தியிருந்தார்கள். பாய்லரின் உடம்பில் எங்காவது சூடு ஏறினால் கேமரா மணி அடிக்கும். பொருத்திய முதல் நாளிலிருந்தே படத்தின் மூலையில் எள்ளளவு வெள்ளைப் புள்ளி ஒன்று தெரிந்தது. மணியும் ஓயாமல் அடித்தது. சலவைக்காரர்கள் போனில் கத்தினார்கள். அவள் பத்து நாள் மண்டையைப் பிய்த்துக்கொண்டாள். கடைசியில், அந்த இடத்தைக் கண்டுகொள்ளாமல் விடும்படி மென்பொருளைத் திருத்தி எழுதினாள். அறிக்கையில் காரணமும் எழுதவேண்டும் அல்லவா? "சென்சாரில் தூசி. இறுதிச் சுத்தம் சரியில்லை" என்று எழுதினாள். இறுதிச் சுத்தம் என்றால் யார் என்று நிறுவனத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வெள்ளிக்கிழமை திருத்தம் கேமராவில் ஏறும், அறிக்கை மேலே போகும். போனால் அண்ணனை அந்த மேசையிலிருந்து எடுத்துவிடுவார்கள்.

அவரிடம் சொல்லாமல் அனுப்ப மனம் வரவில்லை. திங்கட்கிழமை காட்டினாள். அவர் படத்தை வெகு நேரம் பார்த்தார்.

"அது என் தூசி இல்லம்மா."

"அண்ணே, முதல் நாள்லேருந்து அதே இடத்துல நிக்குது. வேற என்னவா இருக்கும்?"

"கேமராவும்தானே முதல் நாள்லேருந்து அதே இடத்துல நிக்குது? கொஞ்சம் அசைச்சுப் பாத்தீங்களா?"

அசைக்கவில்லை. யார் அசைப்பார்கள்? அதைச் சரியான கோணத்தில் நிறுத்தவே மூன்று நாள் பிடித்திருந்தது. போல்ட்டு முடுக்கியபின் அதன் பக்கம் மூச்சுவிடக்கூட ஒருவரையும் அவள் விடவில்லை. பாய்லரோ இரவு பகல் அணைவதே கிடையாது, ஆறவைத்துப் பார்க்கவும் வழியில்லை.

"நீங்க எழுதினது எழுதினதாவே இருக்கட்டும்" என்றார். "அனுப்புறதுக்கு முன்னாடி என்னை ஒரு தடவை அங்க கூட்டிட்டுப் போங்க. அது போதும்."

வியாழக்கிழமை போனார்கள். பாய்லரை ஒட்டிய நீள மேசைகளில் பதினோரு பெண்கள் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்கள். முதல் மேசைக்கும் பாய்லருக்கும் நாலு எட்டுதான். அங்கே நின்ற பெரியம்மா ஒருவர், "உக்காருங்கம்மா, கால் வலிக்கும்" என்று தன் முக்காலியை அவள் பக்கம் நகர்த்தினார். அண்ணன் ஏணியில் ஏறி ஸ்பேனரை வைத்தார்.

"அண்ணே! மூணு நாள் வேலை அண்ணே அது!"

"மூணு நாள் வேலைதானே, போனா மூணு நாள்ல வந்துடும்" என்றபடி போல்ட்டைத் தளர்த்திக் கேமராவை விரல் அகலம் திருப்பினார்.

அவள் திரையைப் பார்த்தாள். தூசியாக இருந்தால் புள்ளி மூலையிலேயே நின்றிருக்கவேண்டும். நிற்கவில்லை. பாய்லரின் படம் நகர்ந்தது. அதோடு சேர்ந்து புள்ளியும் நகர்ந்தது. அது கேமராவில் இல்லை, பாய்லரில் இருந்தது.

"அணைங்க! பாய்லரை அணைங்க! எல்லாரும் வெளிய போங்க!" கத்தியது தன் குரல்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. பெரியம்மா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுத்தான் கிளம்பினார்.

இரண்டு நாள் ஆறவிட்டு, பாய்லர் மெக்கானிக் உள்ளே இறங்கிப் பார்த்தார். உள்பக்கச் செங்கல் பெயர்ந்து, அந்த இடத்தில் இரும்புத் தகடு காகிதமாகத் தேய்ந்திருந்தது. "இன்னும் பத்து நாள் தாங்கியிருக்காது" என்றார். புள்ளி நின்ற இடம் முதல் மேசைக்கு நேர் எதிரே.

அவள் எழுதிய திருத்தம் அந்த இடத்தைத்தான் அழித்திருக்கும். வெள்ளிக்கிழமையே அழித்திருக்கும்.

புதுத் தகடு வைத்து வேலை மறுபடி தொடங்கிய அன்று இருவரும் கேமராவைப் பொருத்தப் போனார்கள். பெரியம்மா அண்ணனின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "நல்லா இருப்பா. உன் பிள்ளைகுட்டி எல்லாம் நல்லா இருக்கணும்." அண்ணன் நெளிந்தார். கை சிக்கியிருந்ததால் பம்பை எடுக்க வழியில்லை. பாவம், முழுப் பாராட்டையும் வாங்கித்தான் ஆகவேண்டியிருந்தது.

வெளியே வந்ததும் அவள் பையிலிருந்து அந்த அறிக்கையை எடுத்து, அவர் கண்முன்னே கிழித்தாள்.

"அண்ணே, உங்க மேல பழியைப் போட்டேன். நீங்க மட்டும் அன்னைக்குக் கோவிச்சுக்கிட்டுப் போயிருந்தா… உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல அண்ணே." அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கண்ணாடி முழுக்க ஆவி படிந்தது.

அண்ணன் கையை நீட்டி அவள் மூக்கிலிருந்து கண்ணாடியைக் கழற்றினார். பம்பை எடுத்து இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு அமுக்கினார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். திருப்தி இல்லை. இன்னொரு தடவை அமுக்கிவிட்டு, மறுபடி அவள் மூக்கின்மேல் நேராக வைத்தார்.